நர்ஸ் வந்தாளா, வந்தாரா? சிந்தனைத் தேர்வுகளைத் தமிழாக்குவது பற்றிக் கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: புதுச்சேரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர்)

கடலூர் ஆசிரியை: ஆங்கிலச் சிந்தனைத் தேர்வு ஒன்றைத் தமிழில் வைத்தோம். மாணவிகளின் சராசரி 2 மார்க் குறைவு. தேர்வு பாரபட்சமானதா, சார்?

சராசரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதுங்க, மேடம். 40க்கு 25 எடுத்த பையன்களையும், அதே 25 எடுத்த பெண்களையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கேள்வியாகப் பாருங்கள். 7ஆம் கேள்வியில் மட்டும் பெண்கள் வரிசையாகக் கோட்டை விட்டிருந்தால் அந்தக் கேள்வியைச் சந்தேகப்படலாம். இதற்கு மேன்டெல்–ஹென்செல் கணக்கு உண்டு. 1959இல் நோய் ஆராய்ச்சிக்காக வந்ததை 1988இல் ஹாலண்ட், தேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேர்வுகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகள் போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும். அப்புறம், எல்லாக் கேள்வியும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் இந்தக் கணக்கிலும் பிடிபடாது.

லாஸ்பேட்டை ஆய்வு மாணவர்: அர்த்தம் மாறாமல் மொழிபெயர்த்தால் போதாதா, சார்?

போதாது, தம்பி. ஆங்கில வினைச்சொல்லில் ஆணா பெண்ணா என்பது தெரியாது. நமக்கு வந்தான், வந்தாள், வந்தார். மணி, செல்வி, கண்ணன், மலர் நால்வரில் நர்ஸ் யார் என்பது புதிர். ‘நர்ஸ் கடைசியாக வந்தாள்’ என்று எழுதினால் மணியும் கண்ணனும் கழிந்தார்கள், பாதி விடை கையில்! நான் பார்த்த ஒரு தாளில் டாக்டர் ‘வந்தார்’, நர்ஸ் ‘வந்தாள்’. பந்தியில் பாரபட்சம் மாதிரி மரியாதையிலும் பாரபட்சம். எல்லாருக்கும் ‘ஆர்’ போட்டால் இது தீரும்.

உறவுமுறைப் புதிர்தான் பெரிய தலைவலி. ‘பிரதர்’ என்பதை அண்ணன் என்றால் வயது தெரிந்துவிடும். ‘அங்கிள்’ சித்தப்பா ஆனால் தாய்மாமன் இல்லை என்று தெரிந்துவிடும். ‘கசின்’ ஆணா பெண்ணா என்பதே கேள்வி என்றால், அத்தை மகள் என்று எழுதிய கையோடு கேள்வி செத்தது. அவற்றை மொழிபெயர்க்காதீர்கள், தமிழிலேயே புதிதாக எழுதுங்கள்.

பண்ருட்டி வாசகி: பேட்டும் பந்தும் 110 ரூபாய், பேட் பந்தைவிட 100 ரூபாய் அதிகம், பந்து என்ன விலை? கிரிக்கெட்டுக்குப் பதில் சட்டியும் மூடியும் போடலாமா?

ஷேன் ஃப்ரெடெரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட சிந்தனைத் தேர்வில் இருந்த கேள்வி இது. அவருடைய தேர்வில் ஆண்களே கூடுதலாகச் சரி சொன்னார்கள். ஆனால் பொறி எண்ணில் இருக்கிறது: வாய் 10 என்கும், விடை 5. பெண்களுக்கென்று அடுப்படிக்குப் போவது இன்னொரு கூத்து. பேனாவும் நோட்டும் போதும்.

சிதம்பரம் வாசகர்: வெறும் படக் கேள்விகளாக வைத்தால்?

1938இல் வந்த ரேவன் தேர்வு அப்படித்தான். ஆனால் உருவத்தை மனதில் திருப்பிப் பார்க்கும் படங்களில் ஆண்களின் சராசரி கூடுதலாக வருவது பழைய செய்தி. தவிர, குறிப்பு தமிழில்தானே? உங்கள் தாளின் முதல் வரியைப் பாருங்கள், ‘மாணவன் தன் பெயரை எழுதவும்’ என்று இருக்கப்போகிறது.