நாற்காலியில் விழுந்த பள்ளம்

கேள்வி: நான் யாரிடமும் ஓவியம் கற்றதில்லை. 11 வருடமாக வீட்டுக்குள் இருப்பதையே வரைகிறேன்: பூ ஜாடி, திரைச்சீலை, விளக்கு, ஜன்னலோர நாற்காலி. கைப்பிடியில் பாலிஷ் போய், மெத்தை நடுவில் பள்ளம் விழுந்த அந்தப் பழைய நாற்காலிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வெளிச்சம் நன்றாக விழும் நேரத்தில், அம்மாவை அதிலிருந்து எழுப்பி உள் அறையில் உட்காரவைத்துவிட்டு வரைவேன். பார்க்கிறவர்கள், "அழகாக இருக்கிறது, ஆனால் உயிரில்லை" என்கிறார்கள். முறையாகப் படிக்காததுதான் குறையா? வகுப்பில் சேரட்டுமா?

பதில்: வகுப்பு அப்புறம். "அம்மாவை எழுப்பி" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வாருங்கள். கைப்பிடியில் பாலிஷ் போனது தெரிகிறது. யார் கை தேய்த்துப் போனது? அந்தப் பள்ளம் யார் உட்கார்ந்து விழுந்தது? நாற்காலிக்கு இரண்டு அடையாளம் சொன்ன நீங்கள், அம்மாவின் வயதைக்கூடச் சொல்லவில்லை.

எதுவார் வுய்யார் என்ற பிரெஞ்சு ஓவியர் வீட்டின் உட்புறங்களை வரைந்தே பேர் வாங்கினார். அவருடைய அம்மா வீட்டிலேயே தையல் தொழில் நடத்தியவர். 1928-ல் அவர் இறக்கும்வரை மகன் கூடவே இருந்தார், திரும்பத் திரும்ப அவரை வரைந்தார். 1893-ல் வரைந்த ஒரு படத்தில் அக்காவின் கட்டம்போட்ட உடை சுவர்க்காகிதத்தோடு கரைந்தே போயிருக்கும். அம்மா மட்டும் கறுப்பு உடையில் கனமாக உட்கார்ந்திருப்பார். அவரை எழுப்பிவிட்டால் அந்தப் படத்தில் மிச்சம் என்ன?

இத்தாலிய ஓவியர் மொராண்டி வெறும் பாட்டில்களை வரைந்து சாதிக்கவில்லையா என்பீர்கள். சாதித்தார். பாட்டில்களில் தூசி படியவிட்டு, தான் படுத்துத் தூங்கிய அறையிலேயே வரைந்தார். அவர் விட்டுக்கொடுத்தது தன் இடத்தை.

வகுப்பா? சுங்கச்சாவடி ஊழியராக இருந்து ஓவியரான ஆன்றி ரூசோ எந்தக் கலைப் பள்ளிக்கும் போகாதவர். 1893-ல், 49 வயதில், வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரைய உட்கார்ந்தார். உங்களுக்கும் பள்ளி அவசியமில்லை. பெற்றவளை எழுப்பிவிட்டு ஜாடிக்கு வெளிச்சம் காட்டும் பழக்கத்தை எந்த வாத்தியாரும் திருத்தப்போவதில்லை. என்னைப் பழைய ஆள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு அம்மாவை உட்காரவிடுங்கள். அசையாமல் இரு என்று அதட்டாதீர்கள். முதுகு எங்கே சாய்கிறது, கை எங்கே படுகிறது, முதலில் பென்சிலால் அதைப் பிடியுங்கள். தன்னை வரைவது அவருக்குப் பிடிக்கவில்லையா, ஜாடியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் உள் அறைக்குப் போங்கள். அங்கே வெளிச்சம் போதாது என்பீர்கள். அம்மாவுக்கும் போதாதுதானே?