எந்த ராக், மெட்டல் குழு உண்மையிலேயே 'புரொகிரசிவ்'?

பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்று சுற்றாமல், போகப் போகத் தாளமும் வேகமும் மாறிப் புது இடத்துக்கு நகரும் ராக் இசையே புரொகிரசிவ். வழக்கமான பாட்டு டவுன் பஸ் மாதிரி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். இதுவோ மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் காட்சி மாறும்.

1960களின் கடைசியில் பிரிட்டனில் இது வளர்ந்ததற்கு ஒரு காரணம், ரசிகர்கள் முழு எல்பி தட்டாகக் கேட்கத் தொடங்கியது. ஒரு பக்கமே இருபது நிமிடம் ஓடும் என்பதால் ஜாஸுக்கும் சிம்பொனிக்கும் உள்ளே இடம் கிடைத்தது.

என் கணக்கில் பிரிட்டிஷ் ராக் குழுவான கிங் கிரிம்சனுக்கே முதலிடம். 1969இல் மெலோட்ரானின் (டேப்பில் பதிந்த வாத்திய ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) கனத்த ஒலியோடு வந்தவர்கள், 1981இல் இரண்டு கிட்டார்கள் பின்னிப் பின்னி ஓடும் வேறொரு குழுவாகவே திரும்பினார்கள். அந்தத் துணிச்சல் அபூர்வம்! ராக்கின் கனத்த வடிவமான மெட்டலை வாசிக்கும் ட்ரீம் தியேட்டர் குழுவின் திறமை அசாத்தியம்தான், ஆனால் 1992இல் பிடித்த பாணியைவிட்டு அதிகம் நகரவில்லை. இன்னொரு மெட்டல் குழுவான மெட்டாலிகாவைப் பொதுவாக யாரும் இதில் சேர்ப்பதில்லை. சரி, அவர்களுடைய 1988 ஆல்பத்தைக் கேளுங்கள், பாதி புரொகிரசிவ்.

அப்புறம், வேகமாக வாசிப்பதுதான் புரொகிரசிவ் என்பது தவறு: புரொகிரசிவ் குழுவான பிங்க் ஃபிளாய்டின் பல பாடல்கள் நிதானமாகவே நகர்கின்றன.