அனுமதி மாற்றியும் திறக்காத படங்கள்

கேள்வி: எங்கள் தளத்தில் பயனர்கள் பதிவேற்றும் படங்களை ஒரு பிஎச்பி ஸ்கிரிப்ட் சேமித்து, சிஎச்மாட் என்ற அனுமதி மாற்றும் சார்பின் மூலம் 644 என்று அனுமதி கொடுக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. ஆனால் படத்தைத் திறந்தால் 403 என்று மறுக்கிறது. 777 கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் எண்ணில் முன்னால் ஒரு சுழியம் விடுபட்டிருக்கிறது. கோளாறு முழுவதும் அதனால்தான்.

லினக்ஸில் கோப்பு அனுமதி என்பது எட்டை அடிமானமாகக் கொண்ட ஆக்டல் எண். டெர்மினலில் 644 என்று அடித்தால் அந்தக் கட்டளை அதை ஆக்டலாகவே எடுத்துக்கொள்ளும். பிஎச்பியோ, முன்னால் சுழியம் இல்லாவிட்டால் சாதாரணப் பதின்ம எண்ணாகவே கொள்ளும். பதின்ம 644-ஐ ஆக்டலுக்கு மாற்றினால் 1204. முதல் 1-ஐ விட்டுவிடுங்கள், கோப்புக்கு அதனால் பாதிப்பில்லை. அடுத்த 2, உரிமையாளர் எழுதலாம், ஆனால் படிக்க முடியாது என்று பொருள்படும். பெரும்பாலான உபுண்டு சர்வர்களில் இணையப் பக்கங்களை வழங்கும் அப்பாச்சி மென்பொருளும் பிஎச்பியும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற ஒரே பயனராக இயங்குவதால், படத்தின் உரிமையாளரான அந்தப் பயனராலேயே அதைப் படிக்க முடியாமல் போகிறது. எண் செல்லுபடியானது என்பதால் பிழைச் செய்தியும் வருவதில்லை.

நண்பர் சொன்னபடி 777 என்று எழுதினால் படம் திறந்துவிடும் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. பதின்ம 777 ஆக்டலில் 1411 ஆகும். உரிமையாளருக்குப் படிக்கும் அனுமதி தற்செயலாகக் கிடைத்து, எழுதும் அனுமதி பறிபோகும். பிறகு ஒருநாள் அதே கோப்பின் மேல் சிறிதாக்கிய படத்தை எழுத முயலும்போது ஸ்கிரிப்ட் தோற்கும். காரணம் அப்போது எளிதில் புலப்படாது. சுழியத்துடன் 0777 கொடுப்பது அதைவிட மோசம்: சர்வரில் கணக்குள்ள எவரும் அந்தக் கோப்பை மாற்றி எழுத வழி திறந்துவிடுகிறீர்கள்.

எனவே 0644 என்று எழுதுங்கள், கோப்புறைகளுக்கு 0755. பிஎச்பி 8.1 முதல் சுழியத்துக்குப் பின் ஆங்கில ஓ சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்குத் தப்பாது என்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன். அனுமதி எண்ணைக் கட்டமைப்புக் கோப்பிலிருந்து சரமாக, அதாவது எழுத்துத் தொடராக, படிப்பவர்கள் ஆக்ட்டெக் சார்பால் மாற்றிக்கொள்ள வேண்டும். சரமாக இருந்தால் முன் சுழியத்துக்கு மதிப்பில்லை.

ஒரு கோப்பின் அனுமதியை மாற்ற அதன் உரிமையாளராலும் ரூட் எனும் தலைமை நிர்வாகக் கணக்காலும் மட்டுமே முடியும். எஃப்டிபி வழியாக நீங்களே ஏற்றிய கோப்புகள் உங்கள் கணக்குக்கு உரியவை என்பதால், ஸ்கிரிப்ட் அவற்றைத் தொட்டால் எச்சரிக்கையுடன் தோல்வியே வரும். அவற்றை உங்கள் கணக்கில் நுழைந்துதான் மாற்ற வேண்டும்.

ஏற்கெனவே பதிவேறிய படங்கள் எதுவும் கெட்டுவிடவில்லை. படிக்கும் அனுமதி இல்லாத கோப்பின் அனுமதியையும் உரிமையாளர் மாற்றலாம். ஆகவே அந்தக் கோப்புறையிலுள்ள எல்லாப் படங்களுக்கும் 0644 கொடுக்கும் சிறு ஸ்கிரிப்டை, படங்களின் உரிமையாளரான டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனராக ஒருமுறை இயக்கினால் போதும்.