பிக்கப்பைக் கழற்றும் முன் மீட்டரை எடுங்கள்

கேள்வி: சித்தப்பா கல்ஃபில் இருந்தபோது வாங்கிய ஃபெண்டர் ஜாஸ் பேஸ் கிட்டார் இப்போது என்னிடம் இருக்கிறது, 70-களில் செய்தது என்பார். ஞாயிறு ஆராதனைக்கும், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் கானமேளாவுக்கும் அதைத்தான் வாசிக்கிறேன். கொஞ்ச நாளாக வால்யூமைத் திருகினால் கரகரக்கிறது, கேபிள் அசைந்தால் சத்தம் விட்டு விட்டு வருகிறது, போதாததற்கு எந்நேரமும் ஹம் என்று ஓர் இரைச்சல். கம்பியைத் தொட்டால் ஹம் குறைவதில்லை, குமிழ்கள் இருக்கும் தகட்டைத் தொட்டால் குறைகிறது. கடையில் காட்டினேன். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் இரண்டு பிக்கப்பும் போய்விட்டது, புது செட் போட்டுத் தருகிறோம், பழையதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகர், களியக்காவிளை)

பதில்: கொடுக்காதீர்கள். பிக்கப்பின் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய செம்புச் சுருள், அறுந்தால் சத்தம் சுத்தமாகப் போகும் அல்லது மெலிந்து, கனத்த ஒலியே இல்லாமல் கீச்சென்று வரும். நீங்கள் சொல்வது மூன்று தனித்தனிக் கோளாறு, மூன்றுமே பிக்கப்புக்கு வெளியே இருப்பவை. இருந்தாலும் என் பேச்சை நம்பி விட்டுவிட வேண்டாம், அளந்தே பார்த்துவிடுங்கள். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

நல்ல கேபிள் ஒன்றை பேஸில் செருகி, ஆம்புக்குப் போகும் மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் தண்டிலும் மீட்டரை வையுங்கள். கழுத்துப் பக்கப் பிக்கப்பின் வால்யூமை முழுசாகத் திறந்து மற்றதை அடியோடு மூடினால் ஏறக்குறைய 7 கிலோ ஓம் காட்ட வேண்டும். அப்புறம் மாற்றி வைத்து அடுத்த பிக்கப்பையும் பாருங்கள். இரண்டையும் திறந்தால் அதில் பாதி வரும். காயில் அறுந்திருந்தால், அல்லது அதன் வயர் விட்டிருந்தால், மீட்டர் 100 கிலோ ஓமைத் தாண்டி ஓடும், ஏனென்றால் அப்போது அது அளப்பது அந்த இரண்டு 250 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல்களை மட்டும்தான். இந்த எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனீர்கள் என்றால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

மீட்டரை எடுக்காமல் பேஸ் பக்கத்துப் பிளக்கை மெல்ல ஆட்டுங்கள். எண் துள்ளுகிறதா? கேபிளை மாற்றியும் துள்ளினால் ஜாக்தான். தகட்டின் திருகுகளைக் கழற்றித் தூக்கினால் ஜாக்கின் வளைந்த நாக்கு தெரியும், பல வருஷம் செருகிச் செருகி அது தளர்ந்திருக்கும். பிளக்கின் நுனியை இறுக்கிப் பிடிக்கும்படி லேசாக உள்பக்கம் வளைத்துவிடுங்கள், களிம்பு இருந்தால் துடைத்துவிடுங்கள், வெளி நட்டையும் இறுக்குங்கள். நட் தளர்ந்து ஜாக் முழுவதும் சுற்றியதில் உள்ளே வயர் முறுக்கி அறுபடுவதும் உண்டு, அதையும் பாருங்கள்.

கரகரப்புக்குக் காரணம் வால்யூம் கன்ட்ரோலுக்குள் படிந்த அழுக்கு. இரண்டு பருவமழையும் நனைக்கிற உங்கள் ஊர்ப் பக்கம் ஈரம் சும்மா விடாது. மின் தொடர்புகளுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரை, வயர்கள் பற்றவைத்திருக்கும் கால்களின் மேலுள்ள சந்தில் ஒரு துளி விட்டு, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பலமுறை திருகுங்கள். பூட்டுக்கும் கீலுக்கும் அடிக்கிற ஸ்ப்ரேயும், தேங்காய் எண்ணெயும் வேண்டவே வேண்டாம், எண்ணெய்ப் பசையில் தூசு இன்னும் ஒட்டும்.

ஹம் விஷயத்துக்கு வருவோம், இதில் நீங்களே பாதி வைத்தியம் பார்த்துவிட்டீர்கள். தகடு எர்த்தோடு இணைந்திருக்கிறது, அதனால் தொட்டால் ஹம் குறைகிறது. கம்பியைத் தொட்டால் குறையவில்லை என்றால் கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் கன்ட்ரோல் தகட்டுக்கும் இடையிலுள்ள தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. மீட்டரை பீப் அடிக்கும் இடத்தில் வைத்து ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறுமுனையைத் தகட்டிலும் தொடுங்கள், பீப் வராது. கம்பிகளைத் தளர்த்தி, பிரிட்ஜின் திருகுகளைக் கழற்றித் தூக்கினால் அடியில் ஒரு வயரின் நுனி இருக்கும், பெரும்பாலும் கறுத்தோ பச்சைக் களிம்பேறியோ கிடக்கும். அந்த நுனியைச் சுரண்டிச் செம்பு பளபளக்கும்வரை சுத்தம் செய்து விசிறிபோல் விரித்துவிட்டு, அது தொடுகிற இடத்தில் பிரிட்ஜின் அடிப்பக்கத்தையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முடுக்குங்கள். பீப் வந்தால் முடிந்தது. வராவிட்டால் மறுமுனையில், கன்ட்ரோலின் முதுகில், பற்று விட்டிருக்கும். அங்கே மறுபடி சால்டரிங் வைக்கும்போது ரோஸின் கலந்த ஈயமே போடச் சொல்லுங்கள், ஆசிட் பேஸ்ட் பிற்பாடு வயரையே தின்றுவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு வால்யூமை மட்டும் குறைத்தால் கொஞ்சம் ஹம் வரும், இரண்டையும் முழுசாக வைத்தால் அடங்கும். ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்பும் ஒன்றின் ஹம்மை மற்றது அடிக்கும்படிதான் சுற்றப்பட்டிருக்கின்றன, அதைக் கோளாறு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தகட்டைத் திறந்த கையோடு கன்ட்ரோலின் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். உதாரணத்துக்கு 1377233 என்றிருந்தால் 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி, அடுத்தது 1972, கடைசி இரண்டு இலக்கம் அந்த ஆண்டின் 33-ஆவது வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். கன்ட்ரோல் மாற்றப்படாதது என்றால் பேஸ் அந்த வாரத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது, சித்தப்பா சொல்வதைச் சரிபார்க்க இது உதவும். பழைய பிக்கப்பை எடுத்துக்கொள்கிறோம் என்று கடையில் ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறார்கள் என்பதும் அப்போது புரியும், அசல் உறுப்புகளோடு இருக்கிற பேஸுக்குத்தான் விலை. என்றைக்காவது எதையாவது மாற்றவே நேர்ந்தாலும் கழற்றியதை உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி: திருவிழாக் கச்சேரியில் பேஸைப் பிடித்துக்கொண்டே பாடும்போது உதடு மைக்கில் பட்டால் சுளீரென்று ஷாக் அடிக்கிறது. கிட்டாரில் வயர் மாற்ற வேண்டுமா? (வாசகர், செங்கோட்டை)

பதில்: கிட்டாரைத் தொடவே வேண்டாம், அந்த மேடையில் அப்படியே பாடவும் வேண்டாம். கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை, மைக் மிக்சரின் எர்த்தோடு இணைந்தது, இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லாமல் போனால் நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். இது உயிரையே எடுக்கும். ஜெனரேட்டரில் ஓடும் மேடை என்றால் எர்த் கம்பி அடித்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். ஆம்பும் மிக்சரும் எர்த் உள்ள ஒரே போர்டில் இருக்கட்டும், மூன்றாவது பின்னை உடைத்த பிளக் எதுவும் மேடையில் இருக்கக் கூடாது. 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. ஒன்றை (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அந்த போர்டில் போடச் சொல்லுங்கள், போட மறுத்தால் அன்றைக்கு பேஸையும் மைக்கையும் தொடாதீர்கள்.