கேளுங்க அண்ணாச்சி: திரையோடு சத்தமும் சேர்ந்து பதியணும்

அண்ணாச்சி, கம்ப்யூட்டரில் அறிவியல் அனிமேஷனை ஓடவிட்டு, நானும் விளக்கிப் பேசி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பதிவு செய்கிறேன். படம் பளிச்சென்று வருகிறது. அனிமேஷனின் சத்தம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கிறது. அதைவிட ஃபேன் சத்தம் தெளிவாக விழுகிறது. நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா?
– ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை

மைக்குக்குச் செலவழிக்காதீங்க டீச்சர். ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்த சத்தத்தை மைக் திரும்பப் பிடிக்கிறது. எவ்வளவு விலையுள்ள மைக்கானாலும் அறையின் எதிரொலியையும் ஃபேனையும் சேர்த்துத்தான் பிடிக்கும். ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தை விண்டோஸுக்குள்ளேயே எடுத்துவிடலாம். ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும்.

அதைத் திறந்ததும் கீழே ‘சோர்சஸ்’ என்றொரு கட்டம் இருக்கும். அதில் கூட்டல் குறியை அழுத்தி ‘டிஸ்ப்ளே கேப்சர்’ கொடுங்கள், திரை வந்துவிடும். பக்கத்தில் ‘ஆடியோ மிக்ஸர்’. அதில் ‘டெஸ்க்டாப் ஆடியோ’ என்பது கம்ப்யூட்டரின் சத்தம், ‘மைக்’ என்பது உங்கள் குரல். அனிமேஷனை ஓடவிட்டுப் பாருங்கள், டெஸ்க்டாப் ஆடியோ பட்டை துள்ள வேண்டும். அசையாமல் கிடந்தால் சத்தம் வேறு கருவிக்குப் போகிறது என்று அர்த்தம். ஸ்மார்ட் போர்டையோ புரொஜெக்டரையோ எச்.டி.எம்.ஐ. வயரில் மாட்டியதும், பல நேரம் விண்டோஸ் நம்மைக் கேட்காமலே சத்தத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடும். ஓ.பி.எஸ். செட்டிங்ஸில் ‘ஆடியோ’ பகுதிக்குப் போய், டெஸ்க்டாப் ஆடியோவுக்கு நேரே ‘டிஃபால்ட்’ என்றிருப்பதை மாற்றி, சத்தம் உண்மையில் எதில் கேட்கிறதோ அந்தக் கருவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

பேசும்போது ஹெட்ஃபோன் கட்டாயம். இல்லாவிட்டால் அனிமேஷன் சத்தம் உள்ளே ஒரு தடவை, மைக் வழியாக ஒரு தடவை என்று இரட்டையாகப் பதிந்து எதிரொலிக்கும். உங்கள் குரல் மஞ்சள் பகுதியில், அதாவது மைனஸ் 20 டெசிபலுக்கும் மைனஸ் 9 டெசிபலுக்கும் நடுவில், ஆடட்டும். அனிமேஷன் பச்சையிலேயே இருக்கட்டும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் பின்பெஞ்சுப் பிள்ளைக்கு எதுவும் புரியாது. ஃபேன் இரைச்சலுக்கு, மைக்கின் ‘ஃபில்டர்ஸ்’ பகுதியில் ‘நாய்ஸ் சப்ரஷன்’ சேர்த்தால் பெருமளவு அடங்கும்.

இன்னொன்றையும் இப்போதே செய்து வையுங்கள். செட்டிங்ஸில் அவுட்புட்டை ‘அட்வான்ஸ்டு’ முறைக்கு மாற்றி, ரெக்கார்டிங்கில் 1, 2, 3 ஆகிய மூன்று டிராக்குகளையும், அதாவது தனித்தனி ஒலித்தடங்களையும், டிக் செய்யுங்கள். ‘அட்வான்ஸ்டு ஆடியோ பிராப்பர்டீஸ்’ பகுதியில் டிராக் 1ல் இரண்டு சத்தமும், 2ல் மைக் மட்டும், 3ல் டெஸ்க்டாப் மட்டும் இருக்கும்படி வையுங்கள். சாதாரண பிளேயரில் முதல் டிராக் மட்டுந்தான் கேட்கும். மற்ற இரண்டும் எடிட்டிங்குக்கு. நடுவில் நீங்கள் இருமினால் அந்த இருமலை மட்டும் வெட்டலாம். அனிமேஷன் சத்தம் அறுபடாது.

கூடங்குளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கோம், ஆனாலும் கரண்ட் போகத்தான் செய்யுது. ஒரு மணி நேரப் பதிவு நடுவில் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. எம்.பி.4 கோப்பு இருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது. மீட்க முடியுமா?
– வாசகர், ராதாபுரம்

கஷ்டம்தான். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைச் சாதாரண எம்.பி.4 கோப்பு பதிவு முடியும்போதுதான் எழுதும். நடுவில் நின்றால் படமும் சத்தமும் உள்ளே கிடந்தும் பிளேயருக்கு வழி தெரியாது. அதே செட்டிங்ஸில் பதிந்த வேறொரு நல்ல கோப்பு கையில் இருந்தால், ‘அன்ட்ரங்க்’ என்ற இலவசக் கருவி அதை மாதிரியாக வைத்துச் சரிசெய்யப் பார்க்கும். சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது.

இனிமேல் எம்.கே.வி. வடிவத்தில் பதியுங்கள். கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது பெரும்பாலும் தப்பிக்கும். பிறகு ஓ.பி.எஸ்.ஸின் ‘ஃபைல்’ மெனுவில் ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ கொடுத்தால் சீக்கிரமே எம்.பி.4 ஆகிவிடும், தரமும் குறையாது. புதிய பதிப்புகளில் உள்ள ‘ஹைப்ரிட் எம்.பி.4’ வடிவமும் இப்படித் தாக்குப்பிடிக்கும்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்தான் வைத்திருக்கிறேன். விண்டோஸ் 7. ஓ.பி.எஸ். நிறுவ முடியவில்லை. நண்பனின் விண்டோஸ் 10 லேப்டாப்பில் போட்டால் படம் விட்டுவிட்டு வருகிறது.
– கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

தம்பி, ஓ.பி.எஸ். 28ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைவிட்டுவிட்டார்கள். உங்களுக்கு 27.2.4 தான் கடைசி. அதன் சொந்தத் தளத்தின் பழைய பதிப்புகளிலிருந்தே இறக்குங்கள். கண்ட கண்ட தளத்தில் கிடைப்பதைத் தொட வேண்டாம். லேப்டாப்பில் லினக்ஸும் இருந்து, அதில் பதிவதானால், சத்தத்துக்கு, பெயரில் ‘மானிட்டர்’ என்று வரும் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் ஓடும் சத்தம் அதில்தான் வரும்.

விட்டுவிட்டு வருவதற்குக் காரணம், பிராசஸருக்கு மூச்சு வாங்குவது. ‘என்கோடிங் ஓவர்லோடட்’ என்று கீழே எச்சரிக்கை வந்திருக்குமே! வீடியோ அளவை 1280க்கு 720 ஆக்குங்கள், வேகம் 30 ஃபிரேம் போதும். படத்தைச் சுருக்கிப் பதியும் ‘என்கோடர்’ பட்டியலில் ‘குயிக்சிங்க்’ இருந்தால் அதைக் கொடுங்கள், வேலை கிராஃபிக்ஸ் பக்கம் போய்விடும். இல்லையென்றால் எக்ஸ்264 என்ற என்கோடரில் ‘அல்ட்ராஃபாஸ்ட்’ வையுங்கள். பிட்ரேட்டை, அதாவது நொடிக்குப் பதியும் தரவின் அளவை, 2500 கே.பி.பி.எஸ். வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.1 ஜி.பி. வரும். பென்டிரைவில் நேரடியாகப் பதியாதீர்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே கோப்பாக நிற்காது.

ஊர்க் கொடையில் நடக்கும் வில்லுப்பாட்டை நேரலையில் பார்த்துக்கொண்டே பதிந்தேன். குடமும் உடுக்கும் பழைய போனில் கேட்பது மாதிரி சப்பென்று இருக்கிறது. காதில் புளூடூத் ஹெட்செட் போட்டிருந்தேன்.
– வாசகர், களக்காடு

அந்த ஹெட்செட்தான் ஆள். அதன் மைக்கும் இயங்க ஆரம்பித்தால், பெரும்பாலான ஹெட்செட்டுகள் ‘ஹேண்ட்ஸ்ஃப்ரீ’ முறைக்கு, அதாவது போன் பேசும் தரத்துக்கு, இறங்கிவிடும். ஸ்டீரியோ போய்விடும், குடத்தின் அடிநாதம் அமுங்கிவிடும். இந்தப் பதிவுக்கு மைக்கே தேவையில்லை. ஓ.பி.எஸ். ஆடியோ செட்டிங்ஸில் மைக்கை ‘டிஸேபிள்டு’ ஆக்குங்கள். முடிந்தால் வயர் ஹெட்ஃபோன் போடுங்கள். இனி வாட்ஸ்அப் ஒலி நடுவில் விழாமலிருக்க, விண்டோஸ் 11 என்றால் சோர்சஸில் ‘அப்ளிகேஷன் ஆடியோ கேப்சர்’ கொடுத்துப் பிரவுசரை மட்டும் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்தால் டெஸ்க்டாப் ஆடியோவை அணைத்தாக வேண்டும். இரண்டும் ஓடினால் ஒரே சத்தம் இரண்டாகப் பதியும்.

பாட்டு மட்டும் போதுமென்றால் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளே போதும். அதில் ஆடியோ ஹோஸ்ட்டாக ‘விண்டோஸ் வாசாபி’யையும், ரெக்கார்டிங் கருவியாக ‘லூப்பேக்’ என்று பெயர் முடிவதையும் தேர்ந்தெடுங்கள். பதிந்ததை யூடியூபில் ஏற்றுவதானால் வில்லுப்பாட்டுக் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அது அவர்கள் பிழைப்பு.

மேக்கில் கமாண்ட் + ஷிஃப்ட் + 5 அழுத்திப் பதிந்தால் சத்தமே வரவில்லையே?
– வாசகி, வள்ளியூர்

அதில் மைக்கைத் தேர்ந்தெடுத்தாலும் உங்கள் குரல்தான் பதியும், மேக்கின் உள்சத்தம் வராது. மேக் ஓ.எஸ். 13 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஓ.பி.எஸ்.ஸில் ‘மேக் ஓ.எஸ். ஸ்கிரீன் கேப்சர்’ சேருங்கள், படமும் சத்தமும் சேர்ந்தே வரும். முதல் தடவை சிஸ்டம் செட்டிங்ஸில் திரைப்பதிவுக்கு அனுமதி கொடுத்து, ஓ.பி.எஸ்.ஸை மூடித் திறக்க வேண்டும். பழைய மேக் என்றால் ‘பிளாக்ஹோல்’ என்ற இலவச டிரைவரை நிறுவி, ‘ஆடியோ மிடி செட்டப்’பில் அதையும் ஸ்பீக்கரையும் ஒரே ‘மல்டி அவுட்புட்’ கருவியாகச் சேருங்கள். ஸ்பீக்கரைச் சேர்க்க மறந்தால் பதிவில் சத்தம் இருக்கும், உங்கள் காதுக்கு வராது.