பண்ணைப் பூங்காவுக்குக் குழந்தைகளோடு போகிறோம், சானிடைசர் போதுமா?

நாலு வயசுப் பிள்ளையையும் ஒன்றரை வயசுக் குழந்தையையும் முதல்முறையாக, விலங்குகளைத் தொட்டுத் தீவனம் கொடுக்கவிடும் பண்ணைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறோம், பையில் சானிடைசர் இருந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

ஆடு, மாடு, செம்மறியின் குடலில் ஈ கோலை ஓ157 என்ற கிருமி இருக்கலாம். அதனால் விலங்குக்கு ஒன்றும் ஆகாது, விலங்கு பார்க்கக் கொழுகொழு என்றிருக்கும். கிருமி சாணம் வழியாக வெளியே வந்து ரோமத்திலும் வேலிக் கம்பியிலும் ஒட்டிக்கொள்ளும். சானிடைசர் சுத்தமான கையில்தான் வேலை செய்யும், அழுக்கும் எச்சிலும் படிந்த கையில் எடுபடாது. கன்றுகளிடமிருந்தும் ஆட்டுக்குட்டிகளிடமிருந்தும் பரவும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி சானிடைசரில் உள்ள ஆல்கஹாலுக்குச் சாகவே சாகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி.

"நாங்கள் சாணியில் புரண்டு வளர்ந்தவர்கள், எங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கீழே யாராவது எழுதுவார்கள். போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் போங்கள். ஆனால் 2009ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரே பண்ணைப் பூங்காவை ஒட்டி 93 பேருக்கு ஈ கோலை ஓ157 தொற்று வந்தது. பெரும்பாலோர் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். ஐந்து வயதுக்குக் கீழே இது சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடும்.

திறந்தவுடன் போய்விடுங்கள். விலங்குகள் பசியோடு இருக்கும், பிள்ளைகளும் தெம்பாக இருப்பார்கள். முதலில் விலங்குகள், பிறகு கைகழுவல், அதன் பிறகே சாப்பாடு. தள்ளுவண்டி, பால்புட்டி, சூப்பான், பொம்மை எதுவும் கொட்டகைக்குள் வேண்டாம். முந்தின இரவே நகம் வெட்டிவிடுங்கள். விரல் சூப்பும் குழந்தை என்றால் இடுப்பில் வைத்துக் காட்டினால் போதும், தொடவிட வேண்டாம்.

தீவனப் பொட்டலம் உங்களிடமே இருக்கட்டும். பிள்ளை கையில் கொடுத்தால் ஆடுகள் பொட்டலத்தின் மேல் பாய்ந்து பிள்ளையைத் தள்ளிவிடும். ஒவ்வொரு பிடியாக எடுத்துக் கொடுங்கள். உள்ளங்கை தட்டையாக, விரல்கள் சேர்ந்து, கட்டைவிரல் பக்கவாட்டில் ஒட்டியிருக்க வேண்டும். ஆட்டுக்கு மேல்வரிசை முன்பல் கிடையாது, தட்டையான கையில் உதடுதான் படும். பிள்ளை பயந்து கையை மூடும்போதுதான் தீவனத்தோடு விரலும் கடைவாய் வரை போகும். குதிரைக்கும் கழுதைக்கும் இரண்டு வரிசையும் உண்டு. அங்கே தீவனம் உங்கள் கையில் இருக்கட்டும், பிள்ளை பார்க்கட்டும்.

முயலைத் தூக்க விடாதீர்கள். பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து மடியில் துண்டு விரித்து, பணியாளரே வைக்கட்டும். முயல் மிரண்டு உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியலாம். படம் எடுப்பதற்காக ஒரே முயலைக் கைமாற்றிக் கைமாற்றி நாள் முழுக்கக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்: ஒளிந்துகொள்ள ஒரு பெட்டிகூட இல்லாத கூண்டில் முயலை வைத்திருக்கும் பூங்காவுக்கு மறுபடி போகாதீர்கள். ரொட்டியும் தானியமும் அளவில்லாமல் போட்டால் ஆட்டின் இரைப்பையில் அமிலம் ஏறி அது செத்தே போகலாம். இது தெரிந்தும் மாலை வரை பொட்டலம் விற்பவர்களை என்ன சொல்ல!

கைகழுவும்போது முதலில் உங்கள் கை, பிறகுதான் பிள்ளையின் கை. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி, நனைத்து, சோப்புப் போட்டு, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று 20 விநாடி தேயுங்கள். ஆடு நக்கிய சட்டையை அப்போதே மாற்றுங்கள், இல்லாவிட்டால் கழுவிய கை நேரே அதில்தான் போகும். காலணியைக் கழற்றித் தனிப்பையில் போட்டுவிட்டு, கிளம்பும் முன் இன்னொரு தடவை எல்லாரும் கழுவுங்கள்.

கர்ப்பிணிகள் ஆடு ஈனும் கொட்டகைப் பக்கம் போகவே கூடாது. அங்கே போய்வந்தவரின் துணியைக்கூட அவர்கள் தொட வேண்டாம்.

திரும்பிய பிறகு இரண்டு வாரம் கவனியுங்கள். மலத்தில் ரத்தம், வெளிறிய முகம், சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போய், பண்ணைக்குப் போனதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.