மாரிக் குளிரில் மாடு ஏன் சாகிறது? பட்டிக்காரர் கேள்விகளுக்குப் பதில்

2022 டிசம்பர் 8, 9 ஆம் திகதிகளை எங்கள் பட்டிக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாண்டஸ் புயல் நம்மைத் தொடாமல் வங்கக் கடலால் மாமல்லபுரம் பக்கம் போய்விட்டது. ஆனால் அது கிளப்பிவிட்ட மழையிலும் காற்றிலும் இலங்கையின் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடு, எருமை, ஆடுகள் செத்து விழுந்தன. கால்நடை வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்த இரண்டு நாளும் மட்டக்களப்பின் மேய்ச்சல் தரையில் நின்றேன். இந்த மாரிக்கு முன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளையும் பதில்களையும் கீழே தருகிறேன்.

செங்கலடியிலிருந்து: ஐயா, அண்டைக்கு நுவரெலியா அளவுக்கு ஒண்டும் குளிரல்லையே. அங்க மாடு நல்லாத்தானே நிக்கிது. இங்க மட்டும் ஏன் செத்தது? விஷம் எண்டும் நோய் எண்டும் கதைச்சாங்களே.

தம்பி, அந்தக் கதை எனக்கும் வந்தது. நோய்ப் பயத்தில் இறைச்சி கொண்டுபோவதைக்கூடக் கொஞ்ச நாள் தடுத்திருந்தார்கள். பிறகு சோதித்துப் பார்த்ததில் திடீர்க் குளிர்தான் காரணம் என்று தெரிந்தது.

குளிர் தனியாக வந்தால் மாடு தாங்கும். அன்று நனைவும் காற்றும் வெறும் வயிறும் சேர்ந்து வந்தன. காய்ந்த மயிருக்குள் காற்று அடைபட்டிருக்கும். மாட்டுக்கு அதுதான் போர்வை. மழையில் மயிர் தோலோடு ஒட்டிவிட்டால் போர்வை போய்விடும். அடர்ந்த மயிருள்ள குளிர்நாட்டு மாட்டுக்கு, மயிர் காய்ந்திருந்தால் பூச்சியத்துக்குக் கீழே 8 பாகை வரை பிரச்சினை இல்லை. அதே மாடு நனைந்து நின்றால் 15 பாகையிலேயே உடம்புச் சூட்டைக் காப்பாற்றப் போராடத் தொடங்கும். நம் நாட்டு மாட்டுக்கு மயிரும் குறைவு, தோலுக்குக் கீழே கொழுப்பும் குறைவு. ஆகவே அதற்கும் முன்னமே போராட்டம் தொடங்கிவிடும்.

வயிற்றைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. மாட்டின் பெருவயிற்றில் நார்த்தீனி புளிக்கும்போது சூடு பிறக்கும். அதை உள்ளுக்குள் எரிகிற அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்போக விதைப்புத் தொடங்கினதும் மாடுகளை வயலை விட்டு மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்துவிடுகிறோம். தொடர்ந்து மழை அடித்தால் மேய்ச்சல் தரை வெள்ளத்துக்குள். மாடு இரண்டு நாள் மேயாமல் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அடுப்பு அணைந்துபோகும். நுவரெலியா மாடு கொட்டிலுக்குள் நின்று வெட்டிப்போட்ட புல்லைத் தின்கிறது. வித்தியாசம் அதுதான்.

களுவாஞ்சிகுடி ஆள், இப்போது டொரொன்டோவில்: இங்கே கொட்டுகிற பனிக்குள்ளும் மாடுகள் வெளியில் நிற்பதைக் கண்டேன். முதுகில் பனி கிடக்கிறது, அது பாட்டில் அசைபோடுகிறது. அதே மாட்டை நம் ஊருக்குக் கொண்டுவந்தாலும் செத்துவிடுமா?

முதுகில் பனி உருகாமல் கிடந்ததைக் கண்டீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. உடம்புச் சூடு வெளியே கசிந்தால் பனி உருகி ஓடியிருக்கும். பனி காய்ந்த பொருள், தட்டினால் உதிரும். மழையோ தோல்வரை இறங்கும். அங்கே மாரிக்கு முன்னமே அடர்மயிர் வளர்ந்துவிடுகிறது, காற்றைத் தடுக்க மரவரிசையோ பலகை வேலியோ வைத்திருப்பார்கள், உலர்புல்லை அளவில்லாமல் போடுவார்கள். அந்த மாட்டையே ஈர மழையில் பட்டினி போட்டால் அதுவும் விழும்.

கிரானிலிருந்து ஒரு பட்டிக்காரர்: மாடு குளிரில் விறைக்கிறதை முன்கூட்டியே எப்படிப் பிடிக்கிறது? விழுந்த மாட்டை எழுப்ப ஏலுமா?

முதலில் நடுங்கும், முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும், கூட்டத்தோடு நெருக்கும். நடுக்கம் இருக்கும்வரை நம்பிக்கை இருக்கிறது. நடுக்கம் நின்று மாடு மந்தமாகிவிட்டால் பலர் ‘தெளிஞ்சிட்டுது’ என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அப்போதுதான் ஆபத்துக் கூட. வாய்க்குள் விரலை விடுங்கள். உள்வாய் குளிர்ந்திருந்தால் உடம்பும் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். கடையில் வாங்குகிற சாதாரண வெப்பமானி போதும், மலவாயில் வைத்துப் பாருங்கள். நல்ல மாட்டுக்கு 38 முதல் 39 பாகை வரை இருக்கும். 37க்குக் கீழே போனால் உடனே வேலையில் இறங்குங்கள்.

விழுந்த மாட்டைப் பக்கவாட்டில் நீட்டிக் கிடக்க விடாதீர்கள். அப்படிக் கிடந்தால் வாயு வெளியேறாமல் வயிறு ஊதியே செத்துப்போகும். கால்களை மடித்து நெஞ்சில் இருத்தி, இரு பக்கமும் வைக்கோல் மூட்டையால் முட்டுக்கொடுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்றுங்கள். சாக்கால் அழுத்தித் தேய்த்து ஈரத்தை எடுத்த பிறகுதான் போர்க்க வேண்டும். ஈரத்தின் மேல் தறப்பாளைப் போர்த்துப் பலனில்லை. விழுங்குகிற நிலையில் இருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரை முன்னால் வையுங்கள், தானாகக் குடிக்கட்டும். குடிக்காத மாட்டுக்குப் போத்தலால் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

இன்னொன்று. மாரியில் தொண்டை அடைப்பான் என்ற நோயும் வரும். அதில் காய்ச்சல் ஏறும், தொண்டை வீங்கும். குளிரில் சூடு இறங்கும். சூடு பார்க்காமல் ஊசிக்கு ஓட வேண்டாம்.

வெல்லாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: போன மாரியில கண்டு போட்ட அண்டு ராவே ரெண்டு கண்டும் செத்துப்போச்சு. தாய் நக்கினது, பாலும் இருந்தது. நான் என்ன பிழை விட்டன்?

பிழை உங்களில் இல்லை தங்கச்சி. கன்று பிறக்கும்போதே நனைந்துதான் பிறக்கிறது. மேலால் மழையும் பட்டால் தாய் எவ்வளவு நக்கினாலும் காயாது. அந்த 2022 டிசம்பரில் ஒரு வாடியில் உரப்பைக்குள் சுற்றி வைத்திருந்த கன்றொன்றைத் தூக்கினேன். நாக்கு நுனி நீலம் பாரித்து, காது மடல் நனைந்த தோல்செருப்பு மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. தண்ணீரைக் கைக்குச் சுடாத பதத்தில், 40 பாகையளவில், பெரிய அண்டாவில் காய்ச்சி, தலையை வெளியே பிடித்துக்கொண்டு கன்றை இறக்கினோம். தண்ணீர் ஆற ஆற சுடுதண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தோம். அரை மணித்தியாலத்தில் நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கத்தைக் கண்டு அங்கே நின்ற பெரியவர் அழுதுவிட்டார். வெளியே எடுத்து மயிர் நிமிரும்வரை துடைத்தோம். விரலைச் சப்பத் தொடங்கிய பிறகுதான் பால் கொடுத்தோம்.

கன்று போட்டதும் வருகிற முதல் பாலை, அந்தக் கடும்புப் பாலைக் கறந்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கன்றின் முதல் விறகு அதுதான். பிறந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் முதல் குடி, 12 மணித்தியாலத்துக்குள் எடையின் பத்தில் ஒரு பங்கு. 15 கிலோக் கன்றென்றால் ஒன்றரை லீற்றர். அண்டா இல்லாத இடத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல்களைச் சீலையில் சுற்றிக் கக்கத்திலும் அடிவயிற்றிலும் வையுங்கள்.

வாகரையிலிருந்து: மாட்டுக்குக் கொஞ்சம் சாராயம் பருக்கினால் சூடு வரும் என்கிறார்களே?

வேண்டாம். சாராயம் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உள்ளே இருக்கிற சூட்டையும் வெளியே விட்டுவிடும். காவலுக்கு நிற்கிற உங்களுக்கும் அதுதான்.

திருக்கோவிலிலிருந்து: எருமை தண்ணிக்குள்ளேயே கிடக்கிற சாதி. அதுக்கும் குளிருமா ஐயா?

குளிரும். 2022இல் எருமைகளும் செத்தன. எருமை வெயிலுக்குத்தான் தண்ணீரில் படுக்கிறது. அதன் மயிர் மிகவும் குறைவு. தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். மழைக்காற்று இரவில் வெள்ளத்துக்குள் நிற்க விடாமல், பொழுதுபடமுன் மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

ஏறாவூரிலிருந்து: சேர், எங்களுக்கு ஆடு பதினாலு. மழைக்கு வீட்டு விறாந்தையில கட்டிறம். ஆனாலும் இருமுது, மூக்குச் சிந்துது.

மகள், நனையாமல் வைத்தது நல்லது. இப்போது தரையைப் பாருங்கள். மூத்திரம் ஊறின சீமெந்துத் தரையிலிருந்து எழும்புகிற நெடி நெஞ்சைக் கெடுக்கும். இரண்டடி உயரத்தில் கமுகஞ் சிலாகையால் பரண் போட்டால் மூத்திரமும் புழுக்கையும் கீழே விழுந்துவிடும். காற்று வருகிற பக்கத்துக்கு மட்டும் கிடுகோ உரப்பையோ கட்டுங்கள். நாலு பக்கமும் மூடினால் இருமல் கூடும். சளி மஞ்சளாகி ஆடு தீனை விட்டால் அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

பெயர் போட விரும்பாத ஒருவர்: அந்த முறை எனக்குப் பதினொரு மாடு செத்தது. நாற்றம் தாங்காமல் அடுத்த நாளே புதைத்துவிட்டேன். பதிவில்லை என்று நட்டஈடு ஒன்றும் தரவில்லை.

கேட்கவே கவலையாக இருக்கிறது. கையில் ஒரு சான்றும் இல்லாமல் போனதுதான் உங்களை விழுத்தியது. இனி மற்றவர்களாவது கவனியுங்கள். மாடு உயிரோடு இருக்கும்போதே காது இலக்கமும் சுட்ட குறியும் பதிவில் இருக்க வேண்டும். செத்தால், புதைக்குமுன் காதும் சுட்ட குறியும் தெரியப் படம் எடுங்கள். கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அன்றே அறிவியுங்கள். கிணற்றுக்கும் குளத்துக்கும் எட்டத்தில் ஆழமாகப் புதையுங்கள்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: எங்களுக்கு மேய்ச்சல் தரையில கொட்டில் போட வழியில்லை. ஐம்பது மாட்டை எங்க கொண்டுபோய் வைக்கிறது?

கூரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை மனே, காற்றைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. பற்றைக்காட்டின் தென்மேற்கு ஓரமாகப் பார்த்து, தண்ணீர் நிற்காத மேடொன்றை இப்போதே தெரிந்து வையுங்கள். வடக்கிலிருந்து வருகிற வாடையும் கிழக்கிலிருந்து வருகிற கொண்டலும் அந்தப் பக்கம் நேரே அடிக்காது. இடைவெளி இருந்தால் கம்பு நட்டு, ஆள் உயரத்துக்குக் கிடுகு கட்டுங்கள்.

அடுத்தது வைக்கோல். சிறுபோகம் வெட்டினதும் எத்தனை வயலில் வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறார்கள் என்று பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். 200 கிலோ மாடொன்றுக்கு நாளைக்கு 5 கிலோ வைத்தாலும் ஐம்பது மாட்டுக்கு மூன்று நாளைக்கு 750 கிலோதான். கம்புத் தட்டு அடித்து அதன் மேல் அடுக்கி, தறப்பாளால் மூடி, ஓரத்தை மண்ணால் அமத்திவிடுங்கள். வங்கக் கடலில் தாழமுக்கம் என்று வானொலியில் சொன்ன அன்றே மாட்டை அந்த மேட்டுக்குச் சாய்த்து, மழை தொடங்குமுன் வயிறு நிறையப் போடுங்கள். கன்றுத்தாய்ச்சிகளையும் கிழடுகளையும் நடுவில் விடுங்கள். வேலி ஓரத்தில் கொழுத்த நாம்பன்கள் நிற்கட்டும்.